இத்தலார்ல லூசிடானோ: அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்த குதிரைக் கணக்கு

ஊட்டிக் குதிரை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரிக்கரையில் ஐந்து நிமிஷ சவாரி, சேணத்து மேல் உட்கார்ந்து வீல் என்று அழும் குழந்தை, அதை விடாமல் போட்டோ எடுக்கும் அப்பா. கொஞ்சம் மூத்தவர்கள் என்றால் ரேஸ் கோர்ஸ். மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு முதலில் வருவது வேறு படம். ராத்திரி ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினால் நடு ரோட்டில், மூடுபனிக்குள், அசையாமல் நிற்கும் குதிரை. ஹாரன் அடித்தாலும் நகராது. யாருடையது என்று கேட்டால் பதில் வராது.

எதுக்கு இந்த பில்டப் என்கிறீர்களா? எங்க வீட்டில் கொஞ்ச நாளாக குதிரைப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில். நான் கோவையில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். குதிரைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கொள்ளு ரசம் பிடிக்கும் என்கிற அளவில்தான் இருந்தது. ஆனால் "நீதான் படிச்சவன், நீயே கணக்குப் போட்டுச் சொல்லு" என்று அண்ணன் சொன்ன பிறகு விட முடியுமா? ஆறு மாசமாகப் படித்ததும், ஊட்டியில் இருக்கும் ஒரு கால்நடை டாக்டர் நண்பரைத் தொந்தரவு செய்து கேட்டதும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். குதிரை ஆசை இருக்கிற வேறு யாருக்காவது உதவலாம்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஊர் இத்தலார். தெரியாதவர்களுக்கு: ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போகும் ரோட்டில் வரும் படுகர் ஹட்டி. 2,000 மீட்டருக்கு மேலே உயரம். சுற்றிலும் தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அண்ணன் அரசு வேலையிலிருந்து போன வருஷம் ரிடையர் ஆனார். கையில் கொஞ்சம் பி.எஃப். பணம். தேயிலைக்குப் பக்கத்தில் ஒன்றேகால் ஏக்கர் சரிவு நிலம், தாத்தா காலத்தில் எருமை மேய்ந்த இடம், சும்மா கிடக்கிறது. (வீட்டில் நாங்கள் பேசுவது படுகு. இங்கே தமிழில் மாற்றி எழுதுகிறேன். அண்ணனோட நக்கலில் பாதி இதிலேயே போய்விடும், மன்னிச்சுக்கோங்க.)

அவர் மகள் லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். ஒரு லீவு நாளில் ஆல்டெர் டோ ஷாவோ என்ற ஊருக்குப் போய்விட்டு வீடியோ அனுப்பினாள். 1748ல் போர்ச்சுகல் அரச குடும்பம் ஆரம்பித்த குதிரைப் பண்ணை அங்கே இருக்கிறது. வளைந்த கழுத்து, அடர்ந்த பிடரி, நாட்டியக்காரி மாதிரி காலை எடுத்து வைக்கிற நடை. அதுதான் லூசிடானோ. ரோமானியர்கள் அந்தப் பகுதிக்கு வைத்த லூசிடானியா என்ற பெயரிலிருந்து வந்தது. ஸ்பெயினின் ஆண்டலூசியக் குதிரைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். 1960கள் வரை இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டு, 1967ல் போர்ச்சுகீசியர்கள் தனி இனப்பதிவேடு வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பார். அப்புறம் கேட்டார்: "அங்கேயும் குளிரு, இங்கேயும் குளிரு. அங்கே வளர்றது இங்கே ஏண்டா வளராது?"

அண்ணி உள்ளே இருந்தபடியே சொன்னார்: "மாட்டுக் கொட்டாய் ஒழுகுது. முதல்ல அதைப் பார்க்கச் சொல்லு தம்பி."

அண்ணி சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கணக்கு 1: குளிர்

முதல் விஷயம், லூசிடானோவின் சொந்த ஊர் குளிர் பிரதேசமே கிடையாது. அந்தப் பண்ணை இருக்கிற அலென்டேஜோ பகுதி கோடையில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும் வறண்ட பூமி. நம்ம ராமநாதபுரத்துக்காரனைக் கூட்டிவந்து இத்தலாரில் குடி வைக்கிற மாதிரிதான் இது. ஐரோப்பா என்றாலே பனி என்று நினைப்பது நம்ம சினிமா பாட்டு செய்த வேலை.

ஆனால் இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. குதிரைக்குக் குளிர் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. சைபீரியாவின் யாகுட் குதிரைகள் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே திறந்த வெளியில் பனியைத் தோண்டிப் புல் தின்று வாழ்கின்றன. நம்ம நாட்டிலேயே லடாக்கின் ஜான்ஸ்காரி, இமாச்சலின் ஸ்பிட்டி என்று மலைக் குளிருக்குப் பழகிய மட்டக்குதிரைகள் உண்டு. சாதாரணக் குதிரைக்கும், நன்றாகத் தின்று, ரோமம் வளர்ந்து, உடம்பு காய்ந்திருந்தால் மைனஸ் 10, 15 வரை பெரிய சிரமம் இல்லை என்கிறார்கள். கனடாவில் ஆராய்ச்சி செய்து பார்த்த விஷயம்.

காரணம் அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு அடுப்பு இருக்கிறது. குதிரை நார்த்தீனியைப் பெருங்குடலில் போட்டு நொதிக்க வைக்கிறது. அந்த நொதிப்பில் சூடு வருகிறது. குளிர்ந்தால் கம்பளி தேடுவதை விட, நாலு கை காய்ந்த புல் அதிகம் போடுவதுதான் முதல் வைத்தியம். நாம் அடுப்பில் விறகு தள்ளுகிற மாதிரி.

எங்க ஊரில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். விடியற்காலையில் கேரட் தோட்டம் வெள்ளையாக இருக்கும். தண்ணீர்க் குழாய் உறைந்து போகிற நாளும் உண்டு. அதெல்லாம் பூஜ்யத்தைச் சுற்றித்தான், அதுவும் ராத்திரி சில மணி நேரம். ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் அண்ணன் பாஸ்.

"பார்த்தியா!" என்றார்.

"இருங்கண்ணா, இன்னும் ஜூன் மாசம் வரலை" என்றேன்.

கணக்கு 2: மழை

இதைச் சொல்ல அதிகம் படிக்க வேண்டியிருக்கவில்லை. நேரில் பார்த்ததுதான்.

இரண்டு வருஷம் முன்னால், ஆடி மாசம். தென்மேற்குப் பருவமழை நின்று பெய்துகொண்டிருந்தது. எங்க பக்கத்து மழை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு அளவு சொல்கிறேன். எமரால்டு தாண்டி இருக்கிற அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்காரர்கள் ஒரு பருவம் முழுக்க எதிர்பார்க்கிற மழை. நான் சொல்கிற அன்றைக்கு அவ்வளவு இல்லை. சாதாரண ஆடி மழைதான், கூடவே ஊசி குத்துகிற காற்று.

எங்கிருந்தோ வந்த ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை, ரோட்டில் திரிகிற ஜாதி, எங்க தேயிலைக்குக் கீழே ராத்திரி குட்டி போட்டிருந்தது. காலையில் பால் கறக்கப் போன அண்ணன்தான் பார்த்தார். குட்டி சேற்றில் படுத்துக்கிடந்தது. எழுந்திருக்கப் பார்ப்பதும், முன்னங்கால் வழுக்கி விழுவதுமாக இருந்திருக்கிறது. சாக்கில் சுற்றிக் கொட்டாய்க்குத் தூக்கி வந்தோம். தாயும் பின்னாலேயே வந்தது. துடைத்து, அடுப்புக்கரி மூட்டி, பீர் பாட்டிலில் தாய்ப்பாலைக் கறந்து புகட்டப் பார்த்தோம். குடிக்கிற தெம்பு இல்லை. பத்து மணிக்குள் போய்விட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "குளிர்ல சாகலைங்க. நனைஞ்சதுல செத்துச்சு."

அன்றைக்கு வெப்பம் 13 டிகிரி. வளர்ந்த குதிரைக்கு அது சுகமான வானிலை. ஆனால் பிறந்த குட்டியின் கணக்கே வேறு. அதன் உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு, வயிற்று அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனாலே அது சூட்டைக் காப்பாற்றப் போராட ஆரம்பித்துவிடும். ஊட்டியில் சில மாசங்களில், அதுவும் நடுப்பகலில்தான் 20ஐத் தாண்டும். அப்படியென்றால் எங்க மலையில் பிறக்கிற எந்தக் குட்டிக்கும், எந்த மாசத்திலும், முதல் ராத்திரிக்கு கூரை கட்டாயம். நனைந்த ரோமம் படிந்துபோனால் இடையில் இருக்கிற காற்று வெளியேறிவிடும். அந்தக் காற்றுதான் அதற்குப் போர்வை. போர்வை போனபின் காற்று வேறு அடித்தால் முடிந்தது.

டாக்டர் ஒரு சுலபமான வாய்ப்பாடும் சொல்லிக் கொடுத்தார். பிறந்த ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் உடனே ஆள் அனுப்பணும். குதிரைக்குட்டிக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. சீம்பால் வழியாகத்தான் எல்லாம். அதையும் முதல் சில மணி நேரத்தில்தான் குடல் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் ஆகிவிட்டால் கதவு மூடிவிடும்.

தாய்க் குதிரை மூன்று நாள் எங்க கொட்டாயில் நின்றது. நாலாவது நாள் காலையில் காணோம்.

அண்ணன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் இப்போது யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. லிஸ்பன் வீடியோவெல்லாம் அப்புறம் வந்த சாக்கு. குதிரை ஆசை அன்றைக்கே விழுந்துவிட்டது. அவருக்கு வேண்டியது லூசிடானோ இல்லை. அந்தச் சரிவில் ஒரு குட்டி எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு 3: வெளிச்சம்

குட்டி எந்த மாசம் பிறக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்ய முடியுமா? ஓரளவு முடியும். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 340 நாள், அதாவது பதினோரு மாசம். எங்க ஊருக்கு உகந்தது, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பிறப்பதுதான். உறைபனி முடிந்திருக்கும், கோடை மழையில் புல் துளிர்க்கும், ஜூன் மழை வருவதற்குள் குட்டிக்கு இரண்டு மூன்று மாச வயது ஆகியிருக்கும். அதற்கு முந்தின மார்ச், ஏப்ரல், மே மாசங்களில் சேர்க்கை நடக்க வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். பெண் குதிரையின் பருவச் சுழற்சி பகல் நீளத்தைப் பார்த்து ஓடுகிற கடிகாரம். லிஸ்பனில் கோடைப் பகல் பதினைந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, குளிர்காலப் பகல் ஒன்பதரை மணி நேரம். அந்தப் பெரிய வித்தியாசத்தைப் பார்த்து உடம்பு தானாகவே குளிர்காலத்தில் கடையைச் சாத்திவிடும், வசந்தத்தில் திறக்கும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற பல குதிரைகள் வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வரும். கட்டுப்பாடில்லாமல் விட்டால் ஆடி மழையில் குட்டி பிறப்பது இதனால்தான்.

குளிர்கால ரோமம் வளர்வதற்கும் பகல் குறைவதுதான் முக்கிய சைகை. குளிர் அடுத்ததுதான். எங்க ஊரில் குளிர் இருக்கிறது, சைகை மெலிதாக இருக்கிறது. ஆக, வெளியூர்க் குதிரையை டிசம்பரில் கொண்டுவந்து இறக்குவது ஆகாத வேலை. மார்ச்சில் கொண்டுவந்தால் பழகிக்கொள்ள எட்டொன்பது மாசம் கிடைக்கும்.

கணக்கு 4: தீனி

அண்ணனுக்கு இதில்தான் முகம் சுருங்கியது.

500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலர் தீனி வேண்டும். வருஷத்துக்கு மூன்றரை டன். "புல்லுக்கா பஞ்சம்?" என்றார் அண்ணன். புல் இருக்கிறது. ஆனால் என்ன புல்?

எங்க மலையில் ரோட்டோரம், மைதானம், மேய்ச்சல் நிலம் எல்லாம் மெத்தை மாதிரி படர்ந்திருப்பது கிக்குயூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியில் இருந்து வந்தது, கிக்குயூ மக்களின் பெயரைத் தாங்கியது. மாட்டுக்குப் பிரமாதம். குதிரைக்கு மட்டும் இதில் ஒரு வில்லங்கம். இதில் ஆக்சலேட் அதிகம். அது தீனியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குதிரையால் உறிஞ்ச முடியாது. மாட்டின் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி முன்னால் இல்லை. மாசக்கணக்கில் இதை மட்டுமே தின்றால் உடம்பு தன் எலும்பில் இருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். தாடை வீங்கும், நடை கெடும். ஆஸ்திரேலியாவில் இதற்குப் "பெருந்தலை நோய்" என்றே பெயர். சினைக் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் இது இரட்டை ஆபத்து.

சரி, கோதுமைத் தவிடு போட்டு ஈடுகட்டலாமா என்றால் அது இன்னும் மோசம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. அதே நோயைச் சீக்கிரமாக வரவழைக்கும். கீழே இருந்து லாரியில் வரும் நெல் வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து கம்மி. காய்ந்த புல் நாமே தயாரிக்கலாம் என்றால் எங்க ஊர் மூடுபனியில் துணியே காயாது! பூஞ்சை பிடித்த புல்லைத் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வரும், இருமல் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். அதனால்தான் மாட்டுக்குச் சின்ன அஜீரணமாக முடிகிற விஷயம் குதிரைக்கு உயிர் பிரச்சினை ஆகிறது.

இன்னும் பட்டியல் இருக்கிறது. சரிவுகளில் மண்டிக்கிடக்கிற பெரணி விஷம். உண்ணிச்செடி விஷம். பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தழையும் விஷம். கேரட் மட்டும் சொந்தக்காரன் மாதிரி. அதையும் மூட்டையாகக் கொட்டக்கூடாது, சர்க்கரை அதிகம்.

தீர்வே இல்லையா என்றால், இருக்கிறது. தீவன ஓட்ஸ் எங்க மலையில் நன்றாக வரும். அப்புறம் சுண்ணாம்புச் சத்துக்குக் குதிரை மசால். இங்கிலீஷ்காரன் லூசர்ன் என்கிற செடிக்கு நம்ம ஆட்கள் வைத்த பெயரைப் பாருங்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறது. ஆனால் நீலகிரி மண் புளிப்பு மண். குதிரை மசாலுக்கு அது ஆகாது. டோலமைட் போட்டு மண்ணைத் திருத்தினால்தான் பிடிக்கும். அதற்கே ஒரு வருஷம் ஆகும்.

கணக்கு 5: ஆள்

இதுதான் பெரிய கணக்கு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு வெளிநாட்டுப் பயணி.

1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே நடந்த குதிரை வியாபாரத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்தில் இருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கும். மன்னர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவாராம், அவருடைய நாலு சகோதரர்களும் அதே அளவு வாங்குவார்களாம். வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சாதாம். நம்ம சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவர் அழுத்திச் சொல்வது, இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, குதிரை வைத்தியர்களே இங்கே இல்லை என்பது. சோறும் இறைச்சியும் வேக வைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம்! இன்னொரு விஷயமும் சொல்கிறார். வைத்தியர்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்? ஆட்டோமொபைல் கம்பெனிகள் எல்லாம் பிச்சை வாங்கணும்.

உயர்ந்த ஜாதி ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் இங்கே சேர்த்தாலும், கால் கோணிய, ஏறி ஓட்ட லாயக்கில்லாத குட்டிதான் பிறந்தது என்றும் எழுதியிருக்கிறார். கிக்குயூ புல் அன்றைக்கு இங்கே கிடையாது. ஆனால் வேகவைத்த சோறு தின்ற தாய்க்குப் பிறந்த குட்டியின் எலும்பு வேறு எப்படி இருக்கும்? இது என் ஊகம்தான். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது எனக்குப் புல் கணக்குதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். 1510ல் கோவாவைப் பிடித்ததும் அவர்கள் முதலில் கை வைத்த வியாபாரங்களில் குதிரையும் ஒன்று. அவர்கள் விஜயநகரத்துக்கு விற்றது அரபு, பாரசீகக் குதிரைகள், லூசிடானோ இல்லை. அங்கே வந்து தங்கிய பெர்னாவோ நூனிஸ் என்ற குதிரை வியாபாரி, ராயர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்கியதாக எழுதிவைத்திருக்கிறார். ஆக, நம்ம ஆட்கள் போர்ச்சுகல்காரனிடம் குதிரைக்குப் பணம் கொடுப்பது அண்ணன் ஆரம்பிக்கிற புது வழக்கம் ஒன்றும் இல்லை :-)

ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாய்கிற குதிரைகளைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் குதிரை மேல் எவ்வளவு காதல் என்று தெரியும். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கிறோம். உயிருள்ள குதிரையை இருபத்தைந்து வருஷம் காப்பாற்றுகிற ஏற்பாடு மட்டும் எப்போதும் இரண்டாம் பட்சமாகப் போயிருக்கிறது.

இருபத்தைந்து வருஷம் என்பது மிகையில்லை. நன்றாக வைத்துக்கொண்டால் குதிரை 25 முதல் 30 வருஷம் வாழும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். எங்க ஊர் ஈரத்தில் குளம்பு அழுகல் சுலபமாக வரும். வருஷத்துக்கு ஒருமுறை பல் ராவ வேண்டும். குடற்புழு மருந்து, ரணஜன்னி ஊசி. ராத்திரி சிறுத்தைக்குப் பயந்து அடைப்பு. அண்ணனுக்கு இப்போது வயது 60. "உங்க 85 வயசுல இதுக்கு யாருண்ணா லாடம் அடிப்பா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஊட்டி ரோட்டில் நிற்கிற குதிரைகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதால் வந்தவைதான். சீசனில் சவாரிக்கு உதவும். சீசன் முடிந்தால் தீனிச் செலவு மிச்சம் என்று அவிழ்த்து விடுவார்கள். வயதானாலும் அதே. குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்னும், வண்டியில் அடிபடும். நகராட்சி பிடிக்கும், அபராதம் போடும், மறுபடி வரும். ஆனால் ஒன்று கவனியுங்கள். இத்தனைக்கும் நடுவில் அவை வருஷக்கணக்கில் இந்தக் குளிரில் வாழ்கின்றன, குட்டியும் போடுகின்றன. குதிரைக்கு இந்த மலை ஒத்துக்கொள்ளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெயில் தாங்காமல் கோடையில் சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் பந்தயக் குதிரைகளை ஊட்டிக்குக் கூட்டி வந்ததும் அதனால்தானே? அந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் 2024 ஜூனில் குத்தகை பாக்கிக்காக மாவட்ட நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொண்டது. மலை ஒத்துக்கொள்கிறது, பொறுப்பேற்கத்தான் ஆள் இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

லூசிடானோ வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். குளிர் அதற்குக் காரணமே இல்லை. ஒரு குதிரையை வாங்கிவிட்டால் அது இனவிருத்தி ஆகாது. பதிவேட்டில் இருக்கிற ஆணும் பெண்ணும் வேண்டும், அதுவும் நெருங்கிய ரத்த உறவு இல்லாமல். விமானம், தனிமைக் கொட்டகை, ரத்தப் பரிசோதனை, அனுமதி என்று பி.எஃப். பணம் மீனம்பாக்கத்திலேயே கரைந்துவிடும். வெண்சாம்பல் நிறம்தான் வேண்டும் என்கிறார், வீடியோவில் வந்த மாதிரி. அந்த நிறக் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருஷங்கள் போகப் போகத்தான் வெளுக்கும். வயதானால் வாலடியில் கட்டி வருகிற வாய்ப்பும் அவற்றுக்கு அதிகம்.

ஆனால் குதிரையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரிசை போட்டுக் கொடுத்தேன். முதலில் கூரை. அப்புறம் மண். அப்புறம் தீனி. ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவையான தீனியை, பூஞ்சை பிடிக்காமல், சேர்த்து வைத்துக் காட்டணும். கடைசியில்தான் குதிரை. அதுவும் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பார்த்து, இரண்டு மூன்று வருஷம் நிதானமாக யோசித்து. இல்லையென்றால் இங்கேயே ரோட்டில் நிற்கிற ஒரு மட்டக்குதிரையை முறைப்படி கேட்டு வாங்கி. குளிருக்குப் பழகின உடம்பு, மழைக்குப் பழகின கால். அதை விடப் பொருத்தமான ரத்தம் லிஸ்பனிலும் கிடைக்காது.

அண்ணன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "லத்தி கேரட்டுக்கு நல்லதா?"

"மக்க வெச்சுப் போட்டா நல்லதுதான். ஒரு நாளைக்கு இருபது கிலோ வரும்."

"அப்ப அதையும் வரவுல எழுது."

எழுதினேன். கணக்குப் பிள்ளையிடம் கணக்கு கேட்கிற ஆள்!

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுக் கொட்டாயின் மேற்குப் பக்கம், காற்று அடிக்கிற பக்கம், புதுசாக ஒரு சுவர் எழும்பியிருக்கிறது. தகரம் மாற்றியாகிவிட்டது. ஒழுகவில்லை. அண்ணி முகத்தில் வெற்றிக்களை. சரிவில் கால் ஏக்கருக்கு ஓட்ஸ் விதைத்திருக்கிறார், முழங்கால் உயரம் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் டோலமைட் போட்ட ஒரு சின்னப் பாத்தியில் குதிரை மசால், பாதி முளைத்திருக்கிறது, பாதி இல்லை. கொட்டாயில் ஒரு மூலையை மட்டும் பலகை அடித்துத் தனியாகத் தடுத்து, கீழே காய்ந்த புல் பரப்பி வைத்திருக்கிறார். மாடு எதையும் அங்கே கட்டவில்லை.

எதுக்குண்ணா இது என்று நான் கேட்கவில்லை.

கொசுறு: உங்க பக்கத்தில் குதிரை மசால் புளிப்பு மண்ணில் போட்டுத் தேற்றியவர்கள் இருந்தால் எவ்வளவு டோலமைட் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அண்ணன் தினமும் போன் பண்ணிக் கேட்கிறார். தாங்கலை.